நோட்டீஸ் வாங்கிய கடையின் பெயரைச் சொல்லுங்கள்

மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் இருபத்திரண்டு வருடமாக மெஸ் நடத்துகிறேன். மதியம் சாப்பாடு, ராத்திரி தோசையும் புரோட்டாவும். கல்லாவில் நான், காய்கறி அரிகிற இடத்தில் என் மனைவி, இரண்டு மாஸ்டர், மூன்று சப்ளையர். போன மாதம் உங்கள் அலுவலர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. மரியாதையாகப் பேசினார், டீ கூட வேண்டாம் என்றுவிட்டார். அவர் போன பிறகு நடந்ததைப் பற்றித்தான் இந்த மடல்.

வருவதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவர் மெயின் ரோட்டில் முதல் கடைக்குள் கால் வைத்த ஐந்தாவது நிமிடம் எனக்கு போன் வந்துவிட்டது. "அண்ணா, சேஃப்டிகாரங்க எறங்கிட்டாங்க." எனக்கு மட்டுமா வந்திருக்கும்? அந்தத் தெரு முழுக்க அந்த நேரத்தில் பரணில் கிடந்த தலையுறை கீழே இறங்கியிருக்கும், ஃப்ரிட்ஜில் இருந்த ஏதோ ஒன்று பின்வாசல் வழியாகப் போயிருக்கும். எங்கள் மாஸ்டரும் தலையுறை தேடினார். கிடைக்கவில்லை. அதுதான் எங்களுக்கு எழுதிய முதல் குறை. குப்பைத் தொட்டிக்கு மூடி இல்லை என்பது இரண்டாவது. தண்ணீர் பரிசோதனைச் சான்று தேதி முடிந்துவிட்டது, மூன்றாவது. மூன்றும் உண்மை. சரி செய்துவிட்டேன்.

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. கெட்டுப்போன கோழிக்கறி கிலோ கணக்கில் பறிமுதல், சில கடைகளுக்கு நோட்டீஸ், அலுவலர்கள் எச்சரிக்கை. போட்டோவில் கறியின் மேல் பினாயில் ஊற்றி அழிக்கிறார்கள். எந்தக் கடை? அது மட்டும் இல்லை. "பஸ் ஸ்டாண்ட் பகுதியில் உள்ள உணவகங்கள்" என்று ஒரு வரி.

பஸ் ஸ்டாண்ட் பகுதியில் நானும்தான் இருக்கிறேன். அன்றைக்கு மதியம் வடித்த சோற்றில் பாதி அப்படியே நின்றது. பதினோரு வருடமாக எங்களிடம் சாப்பிடும் ஒரு பேங்க் ஊழியர் இலையில் உட்காருவதற்கு முன்னால் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏனுங்கண்ணா, அதுல நம்ம கடை இல்லீங்களே?" இல்லை என்றேன். நம்பினாரா தெரியவில்லை, ரசம் வேண்டாம் மோர் போதும் என்றார். கறி பிடிபட்ட கடையில் அன்றைக்குக் கூட்டம் குறைந்ததா? அங்கே வருகிறவர்கள் பாதிப்பேர் பஸ் மாறுகிற வெளியூர்க்காரர்கள், அவர்களுக்கு என்ன தெரியும்? தப்பு செய்தவன் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டான். அடி எங்கள் எல்லோர் மேலும் விழுந்தது.

நாமக்கல் எங்களுக்குப் பக்கம். 2023 செப்டம்பரில் அங்கே ஓர் உணவகத்தில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் குழந்தை இறந்துபோனது, அதே கடையில் சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் கேரளாவில் காசர்கோடு பக்கம் செறுவத்தூரில் 16 வயதுப் பெண் அதே ஷவர்மாவால் போனாள். நான் ஷவர்மா போடுவதில்லை. ஆனால் தொழில்காரனுக்கு அது எப்படி நடக்கும் என்று தெரியும். கம்பியில் குத்தி நிறுத்திய கறி வெளிப்பக்கம்தான் வேகும். கூட்டம் நெருக்கினால் அவசரத்தில் வேகாத உள்சதையும் சேர்ந்து சீவி வரும். கூட்டம் இல்லாவிட்டால் கேஸ் மிச்சம் பிடிக்கத் தீயைக் குறைப்பார்கள், கறி இளஞ்சூட்டிலேயே மணிக்கணக்காகச் சுற்றும். கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மிஞ்சியது ராத்திரி ஃப்ரிட்ஜுக்குப் போய் மறுநாள் மறுபடி கம்பி ஏறும்.

இதெல்லாம் உங்கள் துறை நடத்திய, ஃபாஸ்டாக் என்று சொல்லும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒழுங்காகப் புரிந்தது. (டோல்கேட் ஃபாஸ்டாக் இல்லை. முதலில் நானும் அப்படித்தான் நினைத்து, எனக்குக் காரே இல்லையே என்றேன்.) 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவு நிற்கக் கூடாது என்பது ஒரே வரிதான். ஆனால் அதைக் கேட்ட பிறகு என் அடுப்படியே எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. மதியம் மிஞ்சிய சோற்றை ராத்திரி எலுமிச்சை சாதமாக்குவது எங்கள் வழக்கம். கொதிக்கவிட்டால், தாளித்தால் எல்லாம் செத்துவிடும் என்றுதான் என் அப்பா காலத்திலிருந்து நினைத்துக்கொண்டிருந்தோம். கிருமி சாகும், சில கிருமி அதற்குள் விட்டுவைத்த விஷம் சாகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றோடு எலுமிச்சை சாதத்தை நிறுத்திவிட்டேன். வழக்கமாகக் கேட்பவர்கள் இன்னும் கோபமாக இருக்கிறார்கள்.

சரி, கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவில் நீங்கள் கொடுக்கும் மேம்பாட்டு நோட்டீஸில், குறையைச் சரிசெய்ய 14 நாளுக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும் என்று இருக்கிறது. நியாயம்தான். தரை பெயர்த்துப் போடவும், சாக்கடை மாற்றவும் நாள் வேண்டும். ஆனால் அந்த 14 நாளும் கடை திறந்திருக்கிறது, மக்கள் சாப்பிடுகிறார்கள். அந்த அடுப்படிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும். இலை போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. பில்லில் 14 இலக்கத்தில் உரிம எண் அச்சடிக்க வேண்டும் என்று 2022 ஜனவரியிலிருந்து கட்டாயம். நானும் அடிக்கிறேன். அந்த எண்ணைப் பார்த்து என் அடுப்படி சுத்தமா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்?

அதனால் ஒன்றே ஒன்று. ஆய்வு முடிந்ததும் என்ன பார்த்தீர்கள், என்ன குறை, எந்தத் தேதி என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, கடை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த ஆய்வு வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும். சரிசெய்துவிட்டால் சரிசெய்தது என்று அதன் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நியூயார்க்கில் 2010 முதல் உணவகம் வாசலில் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டு ஒட்ட வேண்டும். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் 2013 முதல் சுத்தத்துக்கான மதிப்பெண்ணை வாசலில் காட்டாமல் கடை நடத்த முடியாது. நம் நாட்டிலும் சுகாதார மதிப்பீடு என்று ஒன்று இருக்கிறது, ஆனால் விருப்பப்பட்டவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரி. அடுப்படியை மூடி வைத்திருப்பவனுக்கு ஏன் விருப்பம் வரப் போகிறது?

எங்கள் சங்கத்தில் இதைச் சொன்னேன். "உனக்கென்னப்பா பைத்தியமா, வலியப் போய் மாட்டிக்கிறே" என்றார்கள். இரண்டு நாள் வியாபாரம் படுத்தால்கூட வாடகை கட்ட முடியாத கடைகள் இருக்கின்றன, அவர்கள் பயம் எனக்கும் புரிகிறது. தலையுறை இல்லாததும் அழுகின கறி வைத்திருப்பதும் ஒரே தட்டில் நிற்கிற குற்றம் இல்லை. அதனால்தான் மார்க் போடாதீர்கள், பார்த்ததை எழுதுங்கள் என்கிறேன். சாப்பிடுகிறவர் படித்துவிட்டு அவரே முடிவு செய்துகொள்வார்.

அப்புறம் எண்ணெய். உங்கள் அலுவலர் கையில் நீட்டமாக ஒரு கருவி வைத்திருந்தார். வாணலியில் விட்டால் எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எண் காட்டுகிறது. பொரித்துப் பொரித்து எண்ணெயில் சேரும் கெட்ட கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைத் தொடக் கூடாது. 2018லிருந்து இதுதான் விதி. எங்களுடையது தேறிவிட்டது. ஆனால் பெரிய கடைகளில் பொரித்துக் கறுத்த எண்ணெய் சாயங்காலம் டின்னில் எங்கே போகிறது என்று யாராவது பின்னாலேயே போய்ப் பார்த்ததுண்டா? பயோடீசலுக்குக் கொடுக்க வேண்டியது. அதில் கொஞ்சம் தள்ளுவண்டி வாணலிக்கு வருகிறது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தள்ளுவண்டியில் போண்டா வாங்குகிறவர்கள் பெரிய ஓட்டலுக்குள் நுழைய முடியாதவர்கள்.

பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டீர்கள். நல்ல காரியம். அதைப் பார்க்க வந்தவர்கள் எந்தக் கடையில் என்ன கண்டார்கள் என்பதும் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

நீங்கள் உத்தரவு போடும் வரை காத்திருக்கவில்லை. உங்கள் அலுவலர் எழுதிக் கொடுத்த தாளை ஜெராக்ஸ் எடுத்து, கல்லாவுக்கு மேலே விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். மூன்று குறையும் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் சரிசெய்த தேதியை நானே எழுதியிருக்கிறேன். நான் எழுதியதற்கு மதிப்பில்லை, உங்கள் கையெழுத்து வேண்டும்.

அதற்கு வரும்போது ஒரு வேண்டுகோள். காலை பதினொரு மணிக்கு எந்த அடுப்படியும் சுத்தமாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரைக்கு வாருங்கள், மிஞ்சிய சால்னாவை என்ன செய்வது என்று முடிவெடுக்கிற நேரம் அது. மெயின் ரோட்டிலிருந்து ஆரம்பிக்காமல் எங்கள் சந்திலிருந்து ஆரம்பியுங்கள். நான் யாருக்கும் போன் போட மாட்டேன்.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்ட் பின்சந்து மெஸ்காரன்