சிமெண்டை உரித்த பிறகு

தக்கலை

அன்புள்ள மக்கா,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில், கோபப்படாதே. இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது?

சரி, விஷயம் இதுதான். எங்கள் கல் வீட்டில் வேலை தொடங்கிவிட்டது.

2017 ஒக்கிப் புயலில் ஓடு பறந்ததிலிருந்து ஒழுக்குத்தான். ஆனால் நீ தொட்டுப் பார்த்து “உங்க வீட்டுக்கு வேர்க்குது” என்பாயே, அந்தத் தெற்குச் சுவரின் ஈரத்துக்குக் காரணம் கூரை மட்டும் இல்லை. நாம் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா பூசவைத்த சிமெண்டும்தான். கல்லில் ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியே காய்ந்துவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிட்டது. கொத்தனார் உளியால் தட்டியதும் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே உப்புப் பூத்து, பழைய சாந்து மாவாக உதிர்ந்தது. ஈரம் படாத ஓரிடத்தில் மட்டும், இரண்டு கல்லுக்கு நடுவே, சுண்ணாம்பில் நாலு விரல் தடம். என் விரலை வைத்துப் பார்த்தேன், அதைவிடச் சிறியது. அந்த இடத்தைப் பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது முற்றமெல்லாம், புதிய சுண்ணாம்புச் சாந்துக்காகக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறுகிற புளித்த வாடை. சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது.

அம்மாவுக்குக் கீழேயே ஓர் அறையும் குளியலறையும் வேண்டும். வடக்குச் சுவரை இடித்துச் சேர்த்துக் கட்டலாம் என்றான் அண்ணன். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. அந்தச் சுவருக்கு ஆழமான அஸ்திவாரம் கிடையாது மக்கா, ஒட்டித் தோண்டினால் சரிந்துவிடும். கடைசியில் நாலடி தள்ளி, இரும்புத் தூணில் தனியாக நிற்கும் அறை என்று முடிவானது. நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட இடைவழி. பழைய சன்னல் ஒன்றுதான் வாசலாக மாறும். புதியதைப் பழசு மாதிரி வேஷம் கட்ட வைக்க எனக்கு மனசில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. சிமெண்டை உரித்த அன்று அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை. அப்பா வளைகுடாவிலிருந்து முதலில் அனுப்பிய பணத்தில் பூசியது அது. சாயங்காலம் பெயர்ந்த சிமெண்டில் ஒரு துண்டை எடுத்துத் துளசிமாடத்தின் கீழ் வைத்திருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் தொழுவத்தில் கிடக்கும் அயினிப் பலகைகளை விற்றுவிடாதே, இடைவழிக் கதவுக்கு வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்றிக்கொண்டு வா. அம்மாவிடம் நீ பேசினால் கொஞ்சம் சிரிப்பாள்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்