மண்சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் பக்கங்களில் இன்னும் நிற்கிற பழைய வரிச்சு வீடுகள் கொஞ்சம்தான். பாலை மரக் கப்பு (தூண்) நட்டு, இரு பக்கமும் வரிச்சுத் தடி கட்டி, இடையில் மண் அடைத்த சுவர்கள் அவை. திருத்துகிறோம் என்று அவற்றுக்கு அடி முதல் கூரையைத் தாங்கும் வளை வரை சீமெந்து பூசிவிடுகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் சுவர் விழக் காரணமாவதே அந்தப் பூச்சுத்தான்.

மண்சுவர் மாரியில் நிலத்திலிருந்து ஈரம் குடிக்கும். கோடையில் இரு பக்கத்தாலும் விட்டுவிடும். கப்பும் ஈரத்துக்குப் பருத்து வெயிலுக்குச் சுருங்கும். சீமெந்து அசையாது. அதனால் கப்பு நிற்கிற இடத்தில் மேலிருந்து கீழாக மயிரளவில் ஒரு வெடிப்பு விழும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு அடிக்கிற மழை அதற்குள் இறங்கும். திரும்பி வர வழியில்லை. பூச்சுக்குப் பின்னால் மண் களியாகிக் கீழே வழியும், கப்பின் அடி உக்கும், கறையான் வெளியே தடம் காட்டாமல் உள்ளால் ஏறும். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்கிற இடத்தில் பூச்சும் மண்ணும் பிரிந்துவிட்டன. அங்கே கப்பின் அடியில் ஸ்குறூட்றைவரை ஊன்றினால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் மரம் போய்விட்டது. எமல்சன் பெயின்றும் சீமெந்தைப் போலத்தான் ஈரத்தை அடைக்கும், கொஞ்சம் மெதுவாக.

சுவரில் கை வைக்க முன்னர் கூரையையும் முற்றத்தையும் பாருங்கள். தாவாரம் சுவருக்கு வெளியே நீள்வது இரண்டரை அடிக்குக் குறையக் கூடாது. வெளி நிலம் வீட்டுத் தரையைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரோடு ஒட்டப் போட்ட சீமெந்து நடைபாதை தண்ணீரைச் சுவருக்கே அனுப்பும். ஓரடி அகலத்துக்கு வெட்டி எடுத்துச் சல்லி நிரப்புங்கள். பிறகு பழைய பூச்சைப் பொள்ளல் இடத்திலிருந்து தட்டை உளியால் நெம்பிக் கழற்ற வேண்டும். சுத்தியலால் அடித்தால் வரிச்சுக் கட்டுகள் அவிழும். கோழிவலை அடித்துப் பூசியிருந்தால் ஓரடிச் சதுரங்களாக அறுத்து எடுப்பதே நல்லது. கொஞ்சம் மண்ணும் கூட வரும், பரவாயில்லை. கழற்றிய சுவரை ஒரு மாதமாவது காயவிடுங்கள்.

உக்கிய கப்பை முழுதாக மாற்றத் தேவையில்லை. வளைக்கு முட்டுக் கொடுத்து, நல்ல மரம் தெரியும் வரை அடியை அறுத்து, பாலையிலோ முதிரையிலோ புது அடித் துண்டை அரைக்கு அரை பொருத்த வேண்டும். பொருத்தின் நீளம் கப்பின் தடிப்பைப்போல் மூன்று மடங்கு: 5 அங்குலக் கப்புக்கு 15 அங்குலம், இரண்டு போல்ற். அடியை மண்ணில் புதைக்காமல், நிலத்துக்கு மேல் அரை அடி எழும்பிய கல்லில் நிறுத்தினால் மறுபடி உக்காது. பலர் தவறுகிற இடமும் இதுதான். புதைந்த கப்புக் காற்றுக்குத் தானே நிற்கும். கல்லில் ஏறிய கப்பு நிற்காது. ஆகவே மூலைகளில் கப்புக்கும் வளைக்கும் இடையே சாய்வுச் சட்டம் கட்டாயம். 1964 மார்கழிப் புயல் வவுனியா வழியே போன பகுதி இது. கறையானுக்கென்று பழைய எஞ்சின் எண்ணெய் பூசுகிற வழக்கமும் உண்டு. எண்ணெய் குடித்த மரத்தில் மண் ஒட்டாது.

சுவரில் அடைக்க அந்தச் சுவரிலிருந்து விழுந்த மண்ணே முதல்தரம். போதாவிட்டால் புற்றுமண். ஒரு பங்கு புற்றுமண்ணுக்கு ஒன்றரை, இரண்டு, மூன்று பங்கு மணல் என்று மூன்று அடை தட்டி நிழலில் நான்கு நாள் வையுங்கள். வெடிக்காத, உரசினால் உதிராத அடைதான் உங்கள் கலவை. இரண்டு அங்குலமாக வெட்டிய வைக்கோல் சேர்த்து, மிதித்து, ஒரு கிழமை புளிக்கவிட்டு, நனைத்த சுவரில் ஒரு தடவைக்கு ஓர் அங்குலத்துக்கு மேற்படாமல் அப்புங்கள். அடுத்த பூச்சுப் பிடிக்க, ஈரத்திலேயே ஈர்க்கால் குறுக்கு மறுக்காகக் கீற வேண்டும்.

உள்சுவருக்கு மண்ணும் சாணியும் போதும். மழை அடிக்கிற வடக்கு, கிழக்குச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு வேண்டும்: சுண்ணாம்புக் குழம்பு ஒரு பங்கு, அரித்த ஆற்றுமணல் மூன்று பங்கு. 10 அடிக்கு 8 அடிச் சுவரில் 10 மில்லிமீற்றர் தடிப்புக்குக் குழம்பு ஒரு கன அடியும் மணல் மூன்று கன அடியும் பிடிக்கும். ஒரு கிழமை ஈரச்சாக்குத் தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்துதான் மெல்ல இறுகும், இறுகும்வரை அதற்கு ஈரம் வேண்டும். சோளகக் காற்றுக் காலத்தில் பூசினால் இறுகுமுன் காய்ந்து மாவாகக் கொட்டும். மாசி, பங்குனிதான் காலம். மேலே பால் பதத்தில் ஐந்து தடவை வெள்ளை அடித்தால் போதும்.

திருத்த உதவிக்கு மதிப்பீடு போடுகிற தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் மண்வீட்டுக்குப் பூச்சு என்று எழுதும்போது சீமெந்துப் பைக் கணக்குப் போடாமல், சுண்ணாம்பு, வைக்கோல், மண் பிசைகிற ஆள்கூலி ஆகியவற்றுக்கு இடம் விட வேண்டும். பொருட்செலவு குறையும், கூலி கூடும். அந்தக் காசு ஊருக்குள்ளேயே நிற்கும். முருகைக்கல் சுண்ணாம்பை மட்டும் கேட்காதீர்கள், கடலில் அந்தக் கல் எடுப்பது தடை.

மாசியில் பூச இருப்பவர்கள் மார்கழியிலேயே சுண்ணாம்பை நீற்ற வேண்டும், குழம்பு ஒரு மாதமாவது ஊற வேண்டும். பரலில் (பீப்பாயில்) முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்ட சுண்ணாம்புக் கல். கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துக் கண்ணில் தெறிக்கும்; பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பழைய வீட்டுத் திருத்தவேலை செய்வோர்,
முள்ளியவளை.