மூணு டீம், ஒரே பந்து

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க விளையாட்டுப் பக்கத்துல எப்பவும் கிரிக்கெட், ஃபுட்பால், டென்னிஸ்தான். ஒரு தடவையாவது கின்-பால் பத்தி நாலு வரி போடுங்களேன். காலேஜ் நாள்ல மூணு வருஷம் விழுந்து விழுந்து ஆடினேன், இப்ப பேரைச் சொன்னா "அது என்ன புதுசா?"ன்னு கேக்குறாங்க. 1986லயே கனடாவுல கியூபெக்ல மாரியோ டெமர்ஸ்னு ஒரு உடற்கல்வி ஆசிரியர் கண்டுபிடிச்சது சார்.

பந்து 1.22 மீட்டர் அகலம், எடை பாத்தா ஒரு கிலோதான். ஊதறதுக்கே ப்ளோயர் வேணும், அது உப்பி முடியறதுக்குள்ள பாதி பேர் உக்காந்துடுவோம். ஒரே நேரத்துல மூணு டீம் ஆடும், டீமுக்கு 4 பேர். மூணு பேர் பந்தைத் தாங்கிக்குவாங்க, "ஆம்னிகின்"னு கத்தி எந்த டீம் பிடிக்கணுமோ அவங்க கலரையும் சொன்னதும் நாலாவது ஆள் அடிப்பான். பந்து தரையைத் தொடறதுக்குள்ள அந்த டீம் பிடிக்கலேன்னா மத்த ரெண்டு டீமுக்கும் பாயிண்ட். ஒருத்தன் சொதப்புனா ரெண்டு டீமுக்கு லாபம், அதனால பிளாக் டீம்காரன் கண்ணைக் காட்டுவான், சரி சேந்து புளூவைக் கவுப்போம்னு நாங்களும் நம்புவோம், அடுத்த அடியே "ஆம்னிகின் கிரே"ன்னு எங்க தலையில இறக்குவான், துரோகி.

நான் பெரும்பாலும் தாங்குற ஆள். முட்டி போட்டு கையைத் தூக்கி தலையைக் குனிஞ்சுட்டா மேல அந்த நைலான் துணியைத் தவிர ஒண்ணும் தெரியாது, பின்னாடி ஓடி வர்ற ஷூ சத்தம் மட்டும் கேக்கும், அப்புறம் 'தொம்'முன்னு ஒரு அடி, கை ரெண்டும் அதிரும், உடனே எந்திரிச்சு ஓடணும். பிடிக்கறதுக்கு காலையும் யூஸ் பண்ணலாம், மல்லாக்கப் படுத்து பாதத்தால பந்தைத் தாங்கினதெல்லாம் உண்டு.

ஒரு மேட்ச்ல கடைசி நேரம், ஸ்கோர் சமம், கத்த வேண்டியது நான். பதட்டத்துல "ஆம்னிகின் கிரே!"ன்னு கத்திட்டேன். நாங்கதான் சார் கிரே. சொந்த கலரைச் சொன்னா ஃபவுல், எதிரிங்க ரெண்டு பேருக்கும் பாயிண்ட், ரெஃப்ரியே விசிலை வாயில வச்சுக்கிட்டு சிரிச்சுட்டார். இன்னிக்கும் அந்த க்ரூப்ல யாரும் என்னை பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல, கிரேதான்.

கட்டுரை போடறதா இருந்தா சொல்லுங்க, பழைய போட்டோ ஒண்ணு இருக்கு, அனுப்புறேன். என் மூஞ்சி மட்டும் அதுல தெரியாது, பந்துக்கு அடியில இருக்கேன்.

இப்படிக்கு,
கிரே டீம் பழைய ஆட்டக்காரன்