ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு மக்களே

அன்புள்ள மகனே,

இங்கே நாங்கள் நல்ல சுகம். மழை விடாததால் ரப்பர் வெட்டு நடக்கவில்லை. அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை. மற்றதெல்லாம் பழையபடிதான்.

போனில் நீ இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன். கடைசியாக நீ மனம்விட்டுப் பேசியது அந்த அமெரிக்க ரேடியோக்காரர் டாக்டர் டிமென்டோவைப் பற்றித்தான். 1970இல் பாசடீனாவில் ஆரம்பித்து 2025 வரைக்கும், 55 வருடம், கோமாளிப் பாட்டுகளாகத் தேடித் தேடி ரேடியோவில் போட்ட மனுஷன் என்றாய். மீன்தலைகளைப் பற்றிய ஒரு பாட்டைத்தான் நேயர்கள் அதிகமாகக் கேட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பில் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ராத்திரி ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்து அவரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், 'நம்மைப்போல் இன்னொருத்தன் இருக்கிறான்' என்று தைரியப்பட்டார்கள் என்றும் சொன்னாய். அது எனக்கு நன்றாகப் புரிகிறது மக்களே. நமக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். அந்தக் காலத்தில் இலங்கை வானொலி இங்கே கணீரென்று கேட்கும். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா ஒரு பாட்டின் வரி கேட்கிற கேள்விக்கு, வேறு ஏதோ படத்து வசனத்தை வெட்டி ஒட்டிப் பதில் சொல்ல வைப்பார். 'கோமாளிகள் கும்மாளம்' நாடகத்தில் யாழ்ப்பாணத் தமிழும் முஸ்லிம் தமிழும் சிங்களவர் பேசுகிற தமிழும் ஒன்றோடொன்று சண்டை போடும். குலசேகரம் டீக்கடையில், ரப்பர் பால் எடுத்துக் களைத்து வந்தவர்கள், கையிலிருந்த டீ ஆறுவது தெரியாமல் நின்று கேட்பார்கள். சிலோன் மனோகரின் சுராங்கனி வந்தால் கடைக்காரரே தாளம் போடுவார். யோசித்துப் பார், அதுவும் மீன் பாட்டுதான்.

நீ சொன்னதில் என் மனதில் நின்றது, 1976இல் வீட்டிலேயே அக்கார்டியன் வாசித்துப் பாடிய கேசட்டை அந்த டாக்டருக்கு அனுப்பின 16 வயதுப் பையன். பிறகு கேலிப் பாட்டுகளுக்குப் பேர் வாங்கின வியர்டு ஆல் யாங்கோவிக். டாக்டர் அதை ரேடியோவில் போட்டாரே, அது பெரிய மனசு. நீயும் எட்டாம் வகுப்பில் நம்ம டேப்ரிக்கார்டரில் சினிமா மெட்டுக்கு மரச்சீனிக் கிழங்கைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடினவன்தானே? சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் அதைப் போட்டபோது பந்தியே எழுந்திருக்க மறந்தது. அந்தக் கேசட் இன்னும் அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், அமெரிக்காவில் என்ஜினியராக இருக்கிறவன் பாடினது என்று.

அப்படிப்பட்டவன் இப்போது எங்கள் குரலைக் கேட்டதும் 'மீட்டிங்' என்கிறாய். உங்கள் நேரத்துக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என்ன மீட்டிங்? மருமகளிடம் கேட்டால் அவளும் பேச்சை மாற்றுகிறாள். அங்கே கம்பெனிகளில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேப்பரில் தினமும் வருகிறது. நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குத் தூங்கு. நேரத்துக்குச் சாப்பிடு. வேலை என்றால் போகும், வரும். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. பேச ஒன்றும் இல்லை என்றால் அந்த மீன்தலைப் பாட்டைப் போட்டுவிடு, நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அம்மா முந்திரிக்கொத்து செய்து வைத்திருக்கிறாள், கூரியரில் அனுப்பவா என்று மட்டும் சொல்.

அப்புறம், இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். அடுத்த மாதமும் வேண்டாம். மழைக்கு முன்னால் ரப்பர் ஷீட் விற்ற காசு கையில் இருக்கிறது. ஊருக்கு வரவேண்டும் என்று தோன்றினால் டிக்கெட்டுக்கும் அது போதும்.

அப்பா