வீடு மகளுக்கு, உறுதி யார் பேரில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சீதனத்தை எதிர்த்து எழுதுகிறவர்கள் காசு, நகை, வீடு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிகிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக்கு அது பொருந்தாது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கும் காசு வேறு, தாயின் வளவில் மகளுக்கென்று கட்டும் வீடு வேறு. முதலாவது ஒழியட்டும். இரண்டாவதைக் காப்பாற்ற வேண்டும்.

இங்கே குடி, அதாவது வம்சப் பிரிவு, தாய்வழியாக வருகிறது. தாய் காலிங்கா குடி என்றால் பிள்ளைகளும் காலிங்கா குடிதான். ஒரே குடிக்குள் பெண் எடுப்பதில்லை. அது அண்ணன் தங்கை முறை. காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடியும் பெண்ணுக்கு வீடும் உண்டு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அக்கா வீட்டுக்கும் தங்கச்சி வீட்டுக்கும் நடுவில் வேலி இராது. ஒரே கிணறு, குசினிக்குக் குசினி ஒற்றையடிப் பாதை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், கடப்படி தாண்டாமலே ராவில் அம்மம்மா வந்து நிற்பா. புருஷன் கை நீட்டினால், வெளியே போக வேண்டியவள் அவளல்ல.

இந்தப் பலம் உறுதியில், அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தில்தான் நிற்கிறது. தாய்வழிச் சொத்துரிமையைச் சொன்ன இந்தப் பக்கத்துப் பழைய முக்குவர் சட்டம் இன்று நீதிமன்றத்தில் இல்லை. தேசவழமை என்ற வழமைச் சட்டம் யாழ்ப்பாணத்தாருக்குரியது. இங்குள்ள தமிழருக்குப் பொதுச்சட்டம்தான்: உறுதியோ மரண சாசனமோ எழுதாமல் தாய் இறந்தால் பாதி தகப்பனுக்கு, மீதி ஆண் பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக. "இது மூத்தவளின் வீடு" என்ற வாய்ச்சொல் அங்கே எடுபடாது.

ஆகவே நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளுடன், மகளின் பேரில் மட்டும் நன்கொடை உறுதி எழுதுங்கள். மகள் அதை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்து, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமை, வையுங்கள்; கடைசிக் காலத்தில் அவர்களை யாரும் வீட்டை விட்டு எழுப்ப முடியாது. வளவைப் பிரிப்பதென்றால் முதலில் நில அளவையாளரின் வரைபடம் வேண்டும். கிணற்றுப் பங்கும் நடைபாதையும் உறுதியிலேயே வரட்டும். சகோதரிகள் ஒற்றுமையாக இருக்கையில் யாரும் இதை நினைப்பதில்லை, ஒருத்தி தன் பங்கை விற்றதும் நடுவில் வேலி எழும்புகிறது, கிணறு அடுத்த பக்கம் போய்விடுகிறது. உறுதியைக் காணிப் பதிவகத்தில் உடனே பதியுங்கள். பதியாமல் கிடந்தால், பின்னால் விலைக்கு வாங்கி முந்திப் பதிந்தவரின் உறுதி மேலோங்கிவிடலாம்.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணியில் இப்படி எழுத முடியாது. பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். தங்களுக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளரையும் நியமிக்க வேண்டும். நியமிக்காமல் விட்டால், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி மகனே மகளுக்கு முந்தினான். 2022இல்தான் அது திருத்தப்பட்டது. கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் தகப்பன் பேருக்குக் காணி கிடைத்த குடும்பங்கள் நியமனப் பதிவை இன்றே போய்ப் பார்ப்பது நல்லது.

2004 சுனாமிக்குப் பிறகு நடந்ததை மறக்கக்கூடாது. கடல் கொண்டுபோனது பெண்ணின் சீதன வீடு. மாற்று வீட்டுப் பத்திரம் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் எழுதியிருந்த புருஷனின் பேரில் வந்தது. தாய்வழியாக இறங்கி வந்த வீடு ஒரு படிவத்தால் கைமாறியது. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'வீட்டின் உரிமையாளர்' என்று இன்னொரு கட்டம் வைக்க நமது பிரதேச செயலகங்கள் முன்வர வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று: உறுதியைக் கல்யாண எழுத்துக்கு, அதாவது கல்யாணப் பதிவுக்கு, முன்பே முடித்துவிடுங்கள். எழுத்து முடிந்த பிறகு, "இரண்டு பேர் பேரிலும் போடுவோமே" என்ற பேச்சு தொடங்கும். அப்போது மறுக்க மகளுக்கு நாக்கு எழாது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.