ரெண்டு கட்டத்துலயும் ஒரே பேரு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

கோத்தகிரி பக்கம் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேங்க. டாக்டர் சீட்டு இருந்தா மட்டும் குடுக்க வேண்டிய, கவர்மெண்டு தனிப் பட்டியல் போட்ட மருந்துங்கள ஹெச்1 மருந்துன்னு சொல்லுவோம், 2014 மார்ச்ல இருந்து அதுக்கெல்லாம் தனி ரெஜிஸ்டர் போடணும், எழுதுன டாக்டர் பேரு, நோயாளி பேரு, மருந்து, எத்தனை மாத்திரைன்னு எழுதி 3 வருஷம் பத்திரமா வச்சிருக்கணும். அதுல சில வரியில டாக்டர் கட்டத்துலயும் நோயாளி கட்டத்துலயும் ஒரே பேரு வரும், அதாவது டாக்டரு தனக்குத் தானே எழுதிக்கிட்டது. யாருன்னு சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது, ஆனா அந்த மருந்து தூக்கத்துக்கு போடுற அல்ப்ரசோலமாவோ வலிக்கு போடுற டிரமடாலாவோ இருக்குறப்போ எழுதுற எனக்கே கை கொஞ்சம் தயங்குது.

டாக்டர் தனக்கு எதுவுமே எழுதிக்க கூடாதுன்னு சொல்ல வரல. மலைல நெலம வேற. பல ஆரம்ப சுகாதார நிலையத்துல டூட்டில ஒரே டாக்டர்தான் இருப்பாரு, ஐப்பசி கார்த்திகை மழைல மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிட்டா மேட்டுப்பாளையம் எறங்க முடியாது, 2009 நவம்பர் நிலச்சரிவு இங்க யாருக்கும் மறக்காது. அப்ப சளிக்கோ வயித்து வலிக்கோ அவரு இன்னொரு டாக்டர தேடிப் போகணும்னா நடக்குற காரியமா? ஏற்கனவே வேற டாக்டர் பாத்து குடுத்த தைராய்டு மாத்திரைய அடுத்த மாசத்துக்கு எழுதி வாங்குறதும் பெரிய விஷயமில்ல.

தூக்க மாத்திரை, வலி மாத்திரை அப்படி இல்லீங்க. நைட் டூட்டி முடிச்சு தூக்கம் வரலன்னு அரை மாத்திரைல ஆரம்பிக்கும், அப்புறம் அது பத்தாது, டக்குனு நிறுத்துனா ஃபிட்ஸ் கூட வரலாம், இது எங்கள விட அவங்களுக்கு நல்லாவே தெரியும், ஆனா போதும் நிறுத்துங்கன்னு சொல்ல எதிர்ல ஒரு ஆள் வேணும்ல.

2020ல வந்த டெலிமெடிசின் விதிப்படி போதை மருந்து சட்டத்துல வர்ற அல்ப்ரசோலம், டிரமடால் மாதிரி மருந்த போன்லயோ வீடியோலயோ பாத்து எழுத முடியாது, ஆள நேர்ல பாக்கணும். வீடியோல பாத்தாலே பத்தாதுன்னா கண்ணாடில தன்னையே பாத்து எழுதிக்கிறது மட்டும் எப்படி சரியாகும்? இங்கிலாந்துல மெடிக்கல் கவுன்சில் முடிஞ்சவரைக்கும் தனக்கோ நெருங்குனவங்களுக்கோ எழுதாதீங்கன்னு சொல்லுது, இந்த மாதிரி மருந்துன்னா இன்னும் கறார், வேற டாக்டரே கிடைக்காம உயிருக்கு ஆபத்துங்குற மாதிரி நெலமைல மட்டும்தான் விடுது.

செலவு, அலைச்சல்னு சொல்லவும் வழியில்ல, சக டாக்டருக்கு இலவசமா பாக்குறத பெருமையா நினைக்கணும்னு நம்ம நாட்டு டாக்டருங்களுக்கான 2002 நடத்தை விதிலயே இருக்கு. ஊட்டில இப்ப மெடிக்கல் காலேஜும் இருக்கு, மலைல வேலை பாக்குற டாக்டருங்களுக்குன்னு மாசம் ஒரு நாள் அங்க ஓ.பி. வச்சா எவ்வளவோ உதவியா இருக்கும்.

கடைக்காரன் நீயே குடுக்காம இருக்கலாமேன்னு கேப்பீங்க. என் கடைக்கு வர்ற சீட்டுல பாதி அவங்க எழுதுறதுதான் சார், நான் எப்படி முடியாதுன்னு சொல்றது. ஹெச்1 மருந்துக்கு டாக்டரும் நோயாளியும் ஒரே ஆளா இருந்தா குடுக்க கூடாதுன்னு ரூல்ல ஒரு வரி தெளிவா போட்டுட்டா, அத காட்டி நாங்களும் மரியாதையா திருப்பி அனுப்பிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர்,
கோத்தகிரி