செவ்வாய்க்கிழமை பதினோரு மணி

அன்புள்ள மணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன் அல்லவா? கேட்க நினைத்தது ஒன்று, கேட்டது சென்னையில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று. வருகிறது என்றாய். பின்னால் குக்கர் விசில் அடித்தது. சரி, இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்தானே.

கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்துவிட்டார்கள். நாற்றுப் பாவ வேண்டும், பாவ வேண்டும் என்று சித்தப்பா டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கதைதான் உனக்குத் தெரியுமே. பேத்திக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டியாயிற்றா? என்ன கஷ்டம் வந்தாலும் பி.எஃப். பணத்தில் கை வைக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் நேற்றுச் சொல்லிக்கொண்டிருந்தேன். சும்மா உன் காதிலும் போட்டு வைக்கிறேன்.

நம் குடும்பத்தில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினவன் நீ ஒருத்தன்தான். அதை இன்னும் நான் ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் தீபாவளிக்கு வருகிறேன் என்றாய், பொங்கலுக்கு என்றாய், இப்போது ஆனித் தேருக்கு என்கிறாய். வர மனசில்லாதவன் இல்லை நீ. மனசில் மட்டும் வைத்திருந்தால் ஒன்றும் நடக்காது, நாளும் நேரமும் குறிக்க வேண்டும். எனக்குச் சர்க்கரை மாத்திரை பாதி நாள் மறந்துபோகும். உன் அம்மா அட்டையைக் கொண்டுபோய்க் காபி டவரா பக்கத்தில் வைத்தாள். அதோடு மறதி போச்சு.

2023 டிசம்பர் 17 வெள்ளம் ஞாபகம் இருக்கிறதா? ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது என்றால் குறுக்குத்துறை முருகன் கோவிலில் உற்சவரை மேலக்கோவிலுக்குத் தூக்கிவிடுவார்கள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று அங்கே யாரும் நிற்பதில்லை. நான் அன்று மத்தியானமே பத்திரப் பெட்டியைப் பரணில் ஏற்ற நினைத்தேன். காபி குடித்துவிட்டு என்றேன். அப்புறம் செய்தி பார்த்துவிட்டு என்றேன். உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அம்மா இஸ்திரி போட்டுத்தான் காயவைத்தாள்.

அதுகூடப் பரவாயில்லை. இன்னொன்று உன்னிடம் சொன்னதே இல்லை.

1998-இல் நான் வேலை பார்த்த அரிசி மில்லை மூடினார்கள். நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. மறுநாளும் நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கே கிளம்பினேன். நேரே குறுக்குத்துறை படித்துறை. மருத மரத்தடியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பேன், சாப்பிடுவேன், ஆறு மணிக்கு வீடு. இன்று ராத்திரி சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வாசற்படி ஏறுவேன். இலை முன்னால் உட்கார்ந்ததும் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று என்பேன். இருபத்து மூன்று நாள். அந்த நாட்களில் ஒருநாள் நீ ஸ்கூல் டூருக்கு அறுபது ரூபாய் கேட்டாய். படிக்கிற பிள்ளைக்கு டூர் எதற்கு என்று கை ஓங்கினேன். அடித்தேனோ என்னவோ, நீ அழுதது மட்டும் கண்ணில் நிற்கிறது. பணம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இருபத்து நான்காம் நாள் காலையில் உன் அம்மா தூக்குவாளியைக் கையில் கொடுத்து, "ஆத்து மண்ணு விழாம, மேல்படியில உக்காந்து சாப்பிடுங்க" என்றாள். மில்லுக்குப் போனால் காலரில் தவிடு இருக்கும். சட்டை மூன்று வாரமாக அழுக்கே இல்லாமல் வந்தால் துவைக்கிறவளுக்குத் தெரியாதா? மூன்றாம் நாளே தெரியுமாம். நானே சொல்லட்டும் என்று காத்திருந்தாளாம். அவள் காத்திருந்த நாளை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அன்று சாயங்காலமே வளையலை அடகு வைத்தோம். அடுத்த மாதம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். மருமகளுக்கும் கண் இருக்கிறது, மணி.

அம்மா எள்ளுப்பொடி இடித்து வைத்திருக்கிறாள். கூரியரில் அனுப்பவா, நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து நீயே எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்கச் சொன்னாள். டிக்கெட்டை நான் போடுகிறேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை அதே பதினோரு மணிக்குக் கூப்பிடுவேன். தண்ணீரைப் பற்றிக் கேட்க மாட்டேன். எடு.

அப்பா